ஒரே ஸ்லிங், இரண்டு முறிவுகள்

மழை நாளில் பைக் சறுக்கி விழும் இருபத்தைந்து வயது இளைஞருக்கும், குளியலறை ஈரத்தில் கால் வழுக்கி விழும் எழுபது வயதுப் பாட்டிக்கும் மருத்துவமனையில் பெரும்பாலும் ஒரே மாதிரி ஸ்லிங்கைத்தான் கழுத்தில் மாட்டி அனுப்புகிறார்கள். இரண்டு வீட்டிலும் பேச்சு ஒன்றுதான்: “தோள் எலும்பு முறிந்துவிட்டது.” ஆனால் முறிந்த எலும்பு வேறு, முறிந்த காரணம் வேறு, குணமாகும் வழியும் வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் போவதால் அதிகம் இழப்பது அந்தப் பாட்டிதான்.

இளைஞருக்கு இப்படி விழும்போது அடிக்கடி முறிவது காறை எலும்பு. கையை உடம்போடு இணைக்கும் எலும்பு அது ஒன்றுதான். தோள் நுனி தரையில் மோதினால் அந்த வேகம் முழுவதையும் அது தாங்க வேண்டியிருக்கிறது. லேசாக வளைந்த அந்த எலும்பு நடுவில்தான் மெலிந்திருக்கிறது. பத்துக்கு ஏழெட்டு முறிவுகள் அங்கேயே நிகழ்கின்றன. கழுத்துத் தசை உள்பக்கத் துண்டை மேலே இழுக்கும், கையின் பாரம் வெளிப்பக்கத் துண்டைக் கீழே இழுக்கும். தோலுக்கடியில் மேடு தட்டுவது இதனால்தான்.

பாட்டிக்கு முறிவது மேற்கை எலும்பின் தலைப்பகுதி, தோள்மூட்டுக் கிண்ணத்தோடு சேரும் இடம். நின்ற உயரத்திலிருந்து விழுவது அப்படியொன்றும் பெரிய வேகமில்லை. திடமான எலும்பு அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் பாட்டிக்கு மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, எலும்பு உள்ளுக்குள் சல்லடையாகிப் போயிருக்கிறது. இந்த முறிவு ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். முதியோர் முறிவுகளில் இடுப்பு, மணிக்கட்டு இரண்டுக்கும் அடுத்த இடம் இதற்குத்தான். இளைஞருக்கு விபத்தே காரணம். பாட்டிக்கு விழுந்தது ஒரு சாக்கு. காரணம் எலும்புக்குள் பல ஆண்டுகளாக இருந்திருக்கிறது.

சிகிச்சையிலும் வழிகள் பிரிகின்றன. காறை எலும்பைத் தொட வேண்டாம், தானே கூடும் என்பதுதான் நெடுங்கால நம்பிக்கை. அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் நீர் 1960-இல் வெளியிட்ட கணக்கில், கத்தி வைக்காமல் பார்த்த 2,235 பேரில் 3 பேருக்குத்தான் எலும்பு கூடவில்லை. 2007-இல் வந்த கனடா ஆய்வு இந்த நிம்மதியைக் கலைத்தது. துண்டுகள் நன்றாக விலகிய முறிவுகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, ஸ்லிங் போட்ட 49 பேரில் 7 பேருக்கு எலும்பு கூடவில்லை. பிளேட் வைத்த 62 பேரில் 2 பேருக்கு மட்டுமே அப்படி. ஆகவே எலும்பு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் குறுகியிருந்தாலோ, முனை தோலைக் கிழிக்கப் பார்த்தாலோ, ரத்தக்குழாயோ நரம்போ அடிபட்டிருந்தாலோ அறுவை பற்றிப் பேசத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு ஸ்லிங் போதும். புகைபிடிப்பவர்கள் அதை நிறுத்த வேண்டும், ஏனென்றால் எலும்பு கூடாமல் போகும் வாய்ப்பைப் புகை கூட்டுகிறது.

பாட்டியின் தோளில் கதை நேர்மாறாகப் போயிற்று. துண்டு விலகியிருந்தால் பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்தால்தான் கை தேறும் என்று பலரும் நம்பினார்கள். பிரிட்டனில் 32 மருத்துவமனைகள் சேர்ந்து 250 நோயாளிகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தன. ஒரு பாதிக்கு அறுவை, மறுபாதிக்கு ஸ்லிங். பிசியோதெரபி இரு தரப்புக்கும். 2015-இல் முடிவு வந்தது: இரண்டு ஆண்டுகள் கழித்தும் கையின் செயல்பாட்டில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மெலிந்த எலும்பில் ஸ்க்ரூ பிடிமானம் கிடைக்காமல் தலையைத் துளைத்துக்கொண்டு மூட்டுக்குள் நீட்டிவிடுவதும், ரத்த ஓட்டம் அறுந்த தலை நாளடைவில் இற்றுப்போவதும் அறுவையின் சிக்கல்கள். மூட்டு விலகிய முறிவும், தலையே பிளந்த முறிவும் இந்தக் கணக்கில் சேராது. அவற்றில் சிலவற்றுக்கு, பிரான்சின் பால் கிராமோன் 1985-இல் அறிமுகப்படுத்திய, கிண்ணத்தையும் பந்தையும் இடம் மாற்றி வைக்கும் செயற்கை மூட்டு இன்று கைகொடுக்கிறது.

ஆக, இளைஞரின் விஷயத்தில் கேள்வி எலும்பு கூடுமா என்பது. பாட்டியின் விஷயத்தில் எலும்பு அநேகமாகக் கூடிவிடும். கை மேலே போகுமா என்பதே கேள்வி. அதற்கு விடை சொல்வது பிசியோதெரபி. நம் வீடுகளில் எக்ஸ்ரேயைப் பத்து பேரிடம் காட்டுகிறார்கள். பயிற்சிக்கு மட்டும் “வலிக்குது, அப்புறம் பார்க்கலாம்” என்று விட்டுவிடுகிறார்கள்.

இளைஞரை அடக்கி வைப்பதுதான் கஷ்டம். முதல் நாளிலிருந்தே முழங்கை, மணிக்கட்டு, விரல்களை அசைக்கலாம். ஆறு வாரம்வரை கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்கக்கூடாது. பாரம் தூக்குவதும் கபடி போன்ற மோதும் ஆட்டங்களும் மூன்று மாதத்துக்குப் பிறகுதான், அதுவும் எக்ஸ்ரேயில் எலும்பு கூடியது தெரிந்த பின். தோள்மூட்டு அவருக்கு எளிதில் இறுகாது.

பாட்டிக்கு இறுகும், அதுவும் வேகமாக. அசையாமல் கிடக்கும் மூட்டுறை சில வாரங்களிலேயே சுருங்கி ஒட்டிக்கொள்கிறது. கட்டுப் போடும் வைத்தியர்களிடம் போய் மாதக்கணக்கில் அசையாமல் இறுக்கிவைக்கும் வழக்கம் இந்த வயதில் ஆபத்தாவது இதனால்தான். அதிகம் விலகாத முறிவுள்ள 86 பேரிடம் இங்கிலாந்தில் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரத்துக்குள் பயிற்சி தொடங்கியவர்களுக்கு, மூன்று வாரம் கட்டிவைத்துத் தொடங்கியவர்களைவிட நான்காம் மாதத்தில் வலி குறைவாகவும் கையின் செயல்பாடு நன்றாகவும் இருந்தது. முறிவு நிலையாக இருக்கிறது, தொடங்கலாம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஒரு நாளைக்கூட வீணாக்கக்கூடாது.

முதல் பயிற்சி பாஸ்டன் மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊசல் பயிற்சி. நல்ல கையை மேசையில் ஊன்றி, இடுப்பை வளைத்துக் குனிந்து, அடிபட்ட கையைத் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். உடம்பை மெல்ல ஆட்டினால் கை தானே சிறு வட்டமிடும். தோள் தசை அதைத் தூக்க முயலக்கூடாது. சில வாரங்களில் மல்லாந்து படுத்து, ஒரு கோலை இரு கையாலும் பிடித்து, நல்ல கையின் பலத்தில் மற்றதை மேலே கொண்டுபோகலாம். பிறகு சுவரில் விரல்களை நடக்கவைத்து ஒவ்வொரு நாளும் சற்று உயரே ஏற வேண்டும். எலும்பு கூடியபின் ரப்பர் பட்டையை இழுத்துப் பலம் சேர்க்கலாம். தலை வாருவது, முதுகுப் பக்கம் கை போவது, அலமாரியின் மேல்தட்டிலிருந்து டப்பாவை எடுப்பது, இவையே உண்மையான தேர்வுகள். இது முடிய ஒரு வருடம்கூட ஆகலாம்.

வீட்டார் பயப்படும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நாலைந்து நாளில் கருநீலக் கன்றல் முழங்கைவரையும் மார்பின் பக்கமும் இறங்கும். அது கசிந்த ரத்தம் கீழிறங்குவது, தானே மறையும். தோளின் வெளிப்பக்கம் மரத்துப்போனாலோ, விரல்கள் குளிர்ந்து வெளுத்தாலோ மட்டும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரவில் தட்டையாகப் படுக்க முடியாது. முதுகைச் சாய்த்து, கைக்கடியில் தலையணை வைத்துக்கொண்டால் தூக்கம் வரும்.

இளைஞருக்கு எலும்பு கூடியதோடு சிகிச்சை முடிந்துவிடுகிறது. பாட்டிக்கு அங்கே முடியவில்லை. லேசாக விழுந்ததற்கே தோளில் முறிந்த எலும்பு, அடுத்த முறை இடுப்பில் முறியலாம். இடுப்பு முறிந்தால் படுக்கையே கதி என்றாகிவிடும் முதியவர்கள் பலர். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால், டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போதே டாக்டரிடம் கேளுங்கள்: பயிற்சி எந்தத் தேதியில் தொடங்க வேண்டும், எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எப்போது எடுக்க வேண்டும், கால்சியமும் வைட்டமின் டி-யும் போதுமா, எலும்பை உறுதியாக்கும் மருந்து தேவையா? குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும், வழுக்காத மிதியடியும் அந்த வாரமே போடுங்கள்.