மரப்பாதையும் வரிசையும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைத் தொழிலாளர்கள் விடுமுறையில் நாடும் இடங்களுள் மெரினாவும் ஒன்று. சக்கர நாற்காலியில் செல்வோரும் அலையருகே சேர, மாற்றுத்திறனாளிகளின் நெடுநாள் கோரிக்கைக்குப் பின் 2022 நவம்பரில் அங்கே நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. திறந்தவுடனேயே பிறரும் அதில் நெருக்கி நின்று படம் பிடித்துக்கொண்டனர். டிசம்பரில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது. புயல் செய்த பழுது நீக்கப்பட்டது. நாம் செய்ததை யார் நீக்குவது?

டிஸ்னி பூங்காக்களும் இதைக் கண்டவைதாம். உடற்குறையுள்ளோருக்கான சலுகை அட்டையைப் பிறர் முறைகேடாகப் பயன்படுத்தியதால், 2013 அக்டோபரில் விதி மாறியது. உடனே நுழைவதற்குப் பதில், குறித்த நேரம் வரை காத்திருக்கவேண்டும். ஏமாற்றியோர் சிலர்; இழந்தோர் காத்திருக்க இயலாக் குழந்தைகள். 2016ஆம் ஆண்டின் சட்டம் பாதையைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தருகிறது. அதில் விலகி வழிவிடும் பண்பை நாமே கற்கவேண்டும்.