படத்தை மூடிக்கொண்டு போட்ட வாக்கு

போர்த்துக்கல் என்றதும் நமக்கு 1505 ஞாபகம் வரும். லொரென்சோ டி அல்மேதா, கோட்டை இராச்சியம், கறுவா வியாபாரம். 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதையும், கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்ததையும் படித்திருக்கிறோம். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தரிடம் விழுந்ததோடு அந்த நாடு நமது பாடநூலை விட்டே போய்விடுகிறது. பிறகு அந்த மக்கள் என்ன பட்டார்கள் என்று நாம் கேட்பதில்லை.

இன்று அந்த நாட்டின் பிரதமர் ஒருவரைப் பற்றிப் பேசுவோம். பெயர் மாரியோ சோரெஸ். கூடவே, அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஓர் ஆசிரியரைப் பற்றியும். கற்பிக்கும் தொழிலில் இருக்கும் நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய கதை இது.

சோரெஸ் 1924இல் லிஸ்பனில் பிறந்தார். தந்தை முன்னாள் அமைச்சர். இராணுவம் 1926இல் குடியரசைக் கவிழ்த்தது. பேராசிரியராக இருந்த சலாசார் 1932இல் பிரதமரானார், 1968 வரை இறங்கவில்லை. எதிர்க்கட்சி இல்லை, தணிக்கை உண்டு, இரகசியப் பொலிஸ் உண்டு. அந்தக் காலத்தில் சோரெஸின் தந்தை ஒரு தனியார் பாடசாலை நடத்தினார். அங்கே புவியியல் கற்பித்த இளைஞர் அல்வாரோ குன்யால், ஒரு கம்யூனிஸ்ட். முதலாளியின் மகனே அவரது மாணவன்.

மாணவனும் ஆசிரியரின் கட்சியில்தான் சேர்ந்தார். பிறகு விலகி, சோசலிசவாதியானார். ஆனால் சலாசார் இருவரையும் விடவில்லை. குன்யால் 1949இல் பிடிபட்டு 11 வருடங்கள் சிறையில் கிடந்தார். 1960 ஜனவரியில் பெனிச் கோட்டைச் சிறையிலிருந்து தோழர்களோடு தப்பினார். சோரெஸ் 12 தடவைகள் கைதானவர். 1949இல் அவருக்குத் திருமணம் நடந்ததே சிறையில் இருக்கும்போதுதான். 1968இல் விசாரணை எதுவுமின்றி ஆபிரிக்கத் தீவான சாவோ டொமேக்கு நாடு கடத்தப்பட்டார். பிறகு பிரான்சில் அஞ்ஞாதவாசம்.

1974 ஏப்ரல் 25. ஆபிரிக்கக் காலனிகளில் 13 வருடங்கள் யுத்தம் செய்து சலித்துப்போன இளம் இராணுவ அதிகாரிகள் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தார்கள். மக்கள் துப்பாக்கிக் குழல்களில் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள். மூன்று நாளில் சோரெஸ் ரயிலில் லிஸ்பன் வந்து சேர்ந்தார். ஐந்தாம் நாள் குன்யால் வந்தார். மே தினத்தில் இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள்.

அந்த ஒற்றுமை ஒரு வருடம்கூட நீடிக்கவில்லை.

கேள்வி இதுதான்: புரட்சி செய்தவர்கள் ஆள்வதா, வாக்கு வாங்கியவர்கள் ஆள்வதா? 1975 ஏப்ரலில் அரசியலமைப்புச் சபைக்கான தேர்தல் நடந்தது. 91 வீதத்துக்கும் அதிகமானோர் வாக்களித்தார்கள். சோரெஸின் கட்சிக்குக் கிட்டத்தட்ட 38 வீதம், குன்யாலின் கட்சிக்கு 12.5 வீதம். ஆனால் வீதியிலும் படைமுகாம்களிலும் தொழிற்சங்கங்களிலும் கம்யூனிஸ்டுகளின் கை ஓங்கியிருந்தது. அந்த நவம்பரில் ஆசிரியரும் மாணவனும் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் அமர்ந்து மூன்றரை மணித்தியாலத்துக்கும் மேலாக விவாதித்தார்கள். நாடே பார்த்தது. அதே மாதம் இடதுசாரிப் படைப்பிரிவுகளின் கிளர்ச்சி தோற்றது. வாக்குச்சீட்டு வென்றது.

1976இல் சோரெஸ் பிரதமரானார். பதவி கிடைத்தது, பணம் இல்லை. காலனிகளிலிருந்து ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்திருந்தார்கள். அவர்களில் பலர் தம் இழப்புக்குக் காரணமென்று அவரையே ஏசினார்கள், ஏனென்றால் வெளிநாட்டமைச்சராகக் காலனி விடுதலைப் பேச்சுவார்த்தைகளை நடத்தியவர் அவர்தான். கோவா மீதான இந்தியாவின் இறைமையை ஏற்று 1974 கடைசி நாளில் புதுடில்லியில் கையெழுத்திட்டவரும் அவரே. விலைவாசி ஏறியது, சர்வதேச நாணய நிதியத்திடம் போனார். 1978இல் ஆட்சி போனது. 1983இல் மீண்டும் வென்றார், மீண்டும் நாணய நிதியம். பல தொழிற்சாலைகளில் மாதக்கணக்கில் சம்பளம் நிலுவை. இது என்ன வலி என்று 2022ஐக் கண்ட நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

1985 ஜூனில் ஐரோப்பிய பொருளாதார சமூகத்தில் சேரும் ஒப்பந்தத்தில் சோரெஸ் கையெழுத்திட்டார். அதே நாட்களில் அவரது கூட்டரசாங்கம் உடைந்தது. ஒக்டோபர் தேர்தலில் கட்சி 21 வீதத்துக்கு விழுந்தது. அந்த நிலையில்தான் அவர் ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்றார். ஆரம்பக் கருத்துக்கணிப்பு கொடுத்தது 8 வீதம்.

1986 ஜனவரி முதற்சுற்றில் வலதுசாரி வேட்பாளர் ப்ரெய்டாஸ் டோ அமராலுக்கு 46 வீதம், சோரெஸுக்கு 25 வீதம். இரண்டாம் சுற்றில் இவர்கள் இருவர் மட்டுமே. சோரெஸ் வெல்ல ஒரே வழி கம்யூனிஸ்டுகளின் வாக்கு. ஆனால் அவருக்கு வாக்களிப்பதில்லை என்று அந்தக் கட்சி ஏற்கனவே தீர்மானித்திருந்தது.

குன்யாலுக்கு அப்போது 72 வயது. அவசரமாகக் கட்சி மாநாட்டைக் கூட்டினார். சோரெஸை மன்னிக்கவில்லை, புகழவும் இல்லை. தேவையென்றால் வாக்குச்சீட்டிலுள்ள அவர் படத்தை ஒரு கையால் மூடிக்கொண்டு மறு கையால் புள்ளடி போடுங்கள் என்ற கருத்தில் தொண்டர்களிடம் சொன்னார்.

போட்டார்கள். சோரெஸ் 51 வீதத்தோடு வென்றார். வித்தியாசம் 140,000 வாக்குகளுக்கும் குறைவு. 60 வருடங்களின் பின் இராணுவத்தைச் சேராத ஒருவர் அந்நாட்டின் ஜனாதிபதியானார். 1991இல் 70 வீதத்தோடு மீண்டும் தெரிவானார். 2006இல், 81 வயதில், இன்னொரு தடவை நின்று 14 வீதத்தோடு மூன்றாமிடம் வந்தார். 2017இல் காலமானார்.

சோரெஸைப் புனிதராக்க நாம் இதை எழுதவில்லை. அங்கோலா உள்நாட்டுப் போரில் எரிந்ததற்கு அவரும் பொறுப்பு என்பார் உண்டு. சம்பளமில்லாமல் பட்டினி கிடந்த தொழிலாளி அவரை மறக்கவுமில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. வாக்கு என்பது நமக்குப் பிடித்தவருக்குக் கொடுக்கும் பரிசு என்றே நம் ஊர்களில் பழகிவிட்டோம். நம்ம ஆள், நம்ம ஊர், நம்ம கட்சி. அந்தக் கிழட்டு ஆசிரியர் கணக்கை வேறு விதமாகப் போட்டார். பிடிக்காத ஒருவரைத் தெரிவு செய்தாலும் நாளைக்கு அவரை எதிர்த்துப் பேச இடமிருக்குமா என்று பார்த்தார்.

வரலாற்றுப் பாடம் எடுப்பவர்கள் ஒருநாள் இந்தக் கதையை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். சொல்லிவிட்டு, "குன்யாலின் இடத்தில் நீங்கள் இருந்தால் தொண்டர்களிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் சொல்லும் பதிலைக் கீழே எழுதுங்கள், வாசிக்கக் காத்திருக்கிறோம்.