சேரிக்கு ஒரு தனிக் கிணறு

ஊருக்குப் பொதுக்கிணறு எங்கே வெட்டலாம் என்று கேட்டால், ஊற்று எங்கே இருக்கோ அங்கேதான் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால் நம்ம கிராமங்களில் அதற்கும் முன்னால் இன்னொரு கேள்வி இருந்தது: அதில் யார் இறைக்கலாம்?

நூறு வருஷத்துக்கு முந்தைய சென்னை மாகாணத்தை எடுத்துக்கொள்வோம். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். கிணறு பெரும்பாலும் ஊருக்குள். சேரிப் பெண்கள் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். யாராவது மனமிரங்கி ஊற்றினால் தண்ணீர். இல்லையென்றால் குட்டை, வாய்க்கால்.

1920 வாக்கில் இந்த விஷயம் லேபர் கமிஷனர் கைக்கு வந்தது. பெயரைப் பார்த்து ஆலைத் தொழிலாளர் விவகாரம் மட்டும்னு நினைச்சுடாதீங்க. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மனைக்கட்டு வாங்கிக் கொடுப்பது, பள்ளிக்கூடம் வைப்பது, கிணறு வெட்டுவது எல்லாம் அவர் பொறுப்புதான். அரசு கண்டுபிடித்த வழி எளிமையானது. இருக்கிற கிணற்றைத் திறந்துவிட வேண்டாம், சேரிக்குள்ளேயே புதுசா ஒன்று வெட்டிவிடலாம்.

வெட்ட இடம் வேண்டுமே. புறம்போக்கு இருந்தால் சரி. இல்லையென்றால் பட்டா நிலத்தைக் கையகப்படுத்த வேண்டும். அந்த நிலக்காரரோ பல ஊர்களில் சேரிக்கு வேலை கொடுக்கிற அதே மிராசுதார். ஆகவே கிணற்றின் இடத்தை ஊற்று மட்டும் முடிவு செய்யவில்லை, எந்த நிலம் கிடைத்ததோ அதுவும் முடிவு செய்தது.

இந்தச் சமயத்தில்தான் 1924 ஆகஸ்டில் சென்னை சட்டமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பொதுத் தெரு, பொதுக்கிணறு, குளம், பொது அலுவலகம் எதிலும் யாரையும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது. அரசும் ஏற்று செப்டம்பரில் ஆணை போட்டது. அதாவது ஆணைப்படி ஊர்க்கிணறு எல்லோருக்கும் பொது. ஆனால் லேபர் இலாகா சேரியில் தனிக் கிணறு வெட்டுவது நிற்கவில்லை.

இதை வெறும் கபடம்னு தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. ஆணையை நம்பி ஊர்க்கிணற்றில் வாளி விட்டால் அடி விழும், மறுநாள் வயலில் வேலை கிடைக்காது. பம்பாய் மாகாணத்து மகாடில் என்ன நடந்தது? சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறப்பதாக நகராட்சி 1924லேயே சொல்லியாச்சு. 1927 மார்ச்சில் அம்பேத்கர் கூட்டத்தோடு போய் அந்தத் தண்ணீரைக் குடித்தபோது கலவரம். வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய் முடிய 1937 ஆனது. அன்றைக்குச் சோறு பொங்கத் தண்ணீர் தேடுகிற வீட்டுக்குப் பத்து வருஷம் காத்திரு என்றா சொல்வது?

ஆனால் அந்த உடனடித் தண்ணீருக்கு ஒரு விலை இருந்தது. சேரிக்குள் கிணறு வந்த பிறகு, 'உங்களுக்குத்தான் தனியா இருக்கே, இங்கே எதுக்கு வர்றீங்க?' என்று ஊர் கேட்க வழி கிடைத்துவிட்டது. கோடையில் அந்தக் கிணறு வற்றினாலும் அதே பதில்தான். முன்பு வழக்கமாக இருந்த பிரிவினை இப்போது அரசாங்கச் செலவில் கல்லும் சுண்ணாம்புமாக எழுந்து நின்றது.

சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. 1938இல் எம்.சி. ராஜா கொண்டுவந்த சமூகத் தடை நீக்கச் சட்டம், பிறகு அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவு, 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம். 15ஆவது பிரிவில் கிணறு என்ற சொல்லே இருக்கிறது. வரைபடம் மட்டும் பல ஊர்களில் மாறவில்லை. கிணறு போய் அடிபம்பு வந்தது, அடிபம்பு போய் மேல்நிலைத் தொட்டி வந்தது. ஊருக்கு ஒரு தொட்டி, காலனிக்கு ஒரு தொட்டி.