முத்துக்குளித்துறையில் முன்னோரைத் தேடல்

பர்னாந்து, மோத்தா, ரோச், வாஸ், மிராந்தா, கோமஸ், கொரேரா. கன்னியாகுமரி முதல் இராமேசுவரம் வரை நீளும் முத்துக்குளித்துறையில் பரதவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வரும் பெயர்கள் இவை. இவற்றைக் கேட்கும் வெளியூரார், இக்குடும்பங்களின் உடலில் போர்ச்சுகீசியக் குருதி ஓடுவதாக எண்ணிவிடுவர். அது பெரும்பிழை. இப்பெயர்கள் குருதிவழி வந்தவை அல்ல. திருமுழுக்குத் தொட்டியருகே பெறப்பட்டவை.

முத்துக்குளிப்பு உரிமை பற்றிய பூசலில் நெருக்குண்ட பரதவர் தலைவர்கள், குதிரை வணிகரான ஜோவான் த குரூஸ் என்பாரின் துணையுடன் கொச்சிக்குச் சென்று போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடினர். 1535 முதல் 1537 வரை ஊர் ஊராகத் திருமுழுக்கு நடந்தது. 1538-ல் மண்டபத்திற்கு அருகிலுள்ள வேதாளையில் மார்த்திம் அபோன்சோ த சோசா பெற்ற வெற்றியால் அப்பாதுகாப்பு உறுதியாயிற்று. ஞானத்தந்தையாக நின்ற போர்ச்சுகீசியரின் பெயரே முழுக்குப் பெற்றவரின் குடும்பப் பெயராக நிலைத்தது. ஒருவரே பல குடும்பங்களுக்கு ஞானத்தந்தையாக நின்றதும் உண்டு. ஒரே பெயர் கொண்ட பலர் நின்றதும் உண்டு. ஆதலால் உறவே இல்லாத பத்து வீட்டாரும் பர்னாந்து எனப்பட்டனர். கடலுக்கு அப்பால் நீர்கொழும்பிலும் பாணந்துறையிலும் சிங்களம் பேசும் குடும்பங்களும் அப்பெயரையே பூண்டிருத்தல் காண்க.

இவ்விடத்தில் தொலைநாட்டு எடுத்துக்காட்டு ஒன்று பயன் தரும். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் திராம்பிளே என்பது. அப்பெயருடையார் ஏறத்தாழ அனைவரும் 1657-இல் மணம் புரிந்த பியேர் திராம்பிளே என்ற ஒருவரின் வழியினர். அங்கே பெயரைப் பிடித்துக்கொண்டு ஏடுகளில் பின்னோக்கி நடந்தால் ஒரு மூதாதையிடம் போய்ச் சேரலாம். முத்துக்குளித்துறையில் அவ்வாறு நடப்பவர் ஞானத்தந்தை ஒருவரின் வாயிலில் போய் நிற்பார். தம் பாட்டனின் வாயிலில் அன்று.

முதல் திருமுழுக்குகளை ஏட்டில் தேடுவதும் வீண். 1542-இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பதினாயிரத்திற்கும் மேற்பட்டோருக்கு முழுக்களித்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப்பெயரை எழுதிக் கொடுத்ததாக 1545-ஆம் ஆண்டுக் கடிதத்தில் குறிக்கிறார். எழுதப்பட்ட பெயர் முழுக்குப் பெற்றவர் கையோடு போயிற்று. பங்குதோறும் திருமுழுக்கு ஏடும் திருமண ஏடும் வைக்கவேண்டும் என்ற விதியைத் திரிதெந்தின் சங்கம் 1563-இல்தான் வகுத்தது. அவ்விதி பிறந்த காரணமும் சுவையானது. ஞானப்பெற்றோர் உறவும் திருமணத்திற்குத் தடையாகக் கருதப்பட்ட காலம் அது. யார் யாருக்கு ஞானத்தந்தை என்பது மறந்துபோகாதிருக்கவே அவர்கள் பெயரை எழுதிவைக்கப் பணித்தனர். ஆகவே இவ்வேடுகள் பிறப்பைக் காட்டிலும் உறவைக் காக்கவே எழுந்தவை எனலாம்.

ஏடு கிடைத்த காலத்திலும் இடர் தீர்வதில்லை. பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடுவது தமிழர் மரபு. பெயரன் என்பதே பேரன் ஆயிற்று. இன்னாசியின் மகன் அந்தோணி, அந்தோணியின் மகன் இன்னாசி, அவன் மகன் மீண்டும் அந்தோணி. மூக்கையூரில் உடன்பிறந்தார் நால்வர் இருந்தனர் எனக் கொள்வோம். நால்வரும் தத்தம் தலைமகனுக்குத் தந்தையின் பெயரையே இட்டிருப்பின், ஒரே தலைமுறையில் ஒரே பெயருடைய நால்வர் தோன்றுவர். குடும்பப் பெயரும் ஒன்றே. போதாக்குறைக்கு எழுதுவோரின் மொழி வேறு. கோவையிலிருந்து வந்த குரு போர்ச்சுகீசிய மொழியில் எழுதுவார். 1830-களின் இறுதியில் மதுரை மறைப்பணிக்கு வந்த பிரெஞ்சு இயேசு சபையார் இலத்தீனில் எழுதுவர். வீட்டில் சூசை என்றழைக்கப்பட்டவர் ஏட்டில் யோசேப்புஸ் ஆவார். இராயப்பன் பேத்துருஸ் ஆவார். சின்னப்பன் பவுலுஸ் ஆவார்.

ஊரார் இக்குழப்பத்தைப் பட்டப்பெயரால் தீர்த்துக்கொண்டனர். கியூபெக்கிலும் பட்டப்பெயர்கள் உண்டு. ஆனால் அங்கே குருக்கள் 'இன்னார் எனப்படும் இன்னார்' என அவற்றையும் ஏட்டில் ஏற்றினர். இக்கரையின் பட்டப்பெயர்கள் பெரும்பாலும் நாவில் மட்டுமே வாழ்ந்தன. அவற்றை அறிந்த முதியவர் ஒருவர் மறையும்போது, ஏட்டிலுள்ள நான்கு இன்னாசிகளுள் எவர் எவ்வீட்டார் எனச் சொல்லவல்ல சான்றும் அவருடன் மறைகிறது.

அவ்வாறாயின் வழியே இல்லையா? உண்டு. அது ஆண்வழிப் பெயரில் இல்லை. திருமண ஏட்டின் மூலையில் குறிக்கப்படும் தடைவிலக்கில் இருக்கிறது. மணத்திற்குமுன் மூன்று முறை கோயிலில் ஓலை வாசித்து, விக்கினம் உண்டா என வினவுவர். மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது தமிழர் வழக்கம். 1983 வரை வழங்கிய திருச்சபைச் சட்டத்திலோ அது இரண்டாம் படி இரத்த உறவுத் தடை எனப்பட்டது. ஆகவே விலக்குப் பெறவேண்டும். பெற்றதை ஏட்டில் பதியவேண்டும். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு வரும்வரை நான்காம் படி உறவுக்கும் இத்தடை இருந்தது. தடை என வைக்கப்பட்டதே வரலாற்றுக்குக் கொடையாயிற்று.

இரண்டாம் படி என்று கண்டால், மணமக்களின் பெற்றோருள் இருவர் உடன்பிறந்தார் எனப் பொருள். எவ்விருவர் என்பதை ஏடு எப்போதும் கூறுவதில்லை. கியூபெக் ஆய்வாளர் இந்நிலையில் நான்கு வழிகளையும் சோதித்தாக வேண்டும். தமிழ் ஆய்வாளருக்கோ இரண்டே வழிகள். அண்ணன் தம்பி மக்களும் அக்காள் தங்கை மக்களும் இங்கே உடன்பிறப்புகள், அவர்களுக்குள் மணமில்லை. எனவே மணமகனின் தாயும் மணமகளின் தந்தையும் உடன்பிறந்தவராயிருத்தல் வேண்டும். அன்றேல் மணமகனின் தந்தையும் மணமகளின் தாயும். உறவுமுறையை அறிந்தவர் இவ்வாறு பாதி வேலையை ஏட்டைத் திறக்குமுன்பே முடித்துவிடலாம். பெண்வழியைப் புறக்கணித்து ஆண்வழிப் பெயர்களையே அடுக்கும் குடும்ப வரலாறுகள் பல, இந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கதவைத் தட்டிக்கொண்டிருக்கின்றன.

பெயர்களே காலங்காட்டுவதும் உண்டு. லூர்து, லூர்தம்மாள் எனும் பெயருடையார் 1858-க்கு முற்பட்டவராக இருக்க இயலாது. பிரான்சு நாட்டின் லூர்து நகரக் காட்சிகள் நிகழ்ந்தது அவ்வாண்டில்தான். அருளானந்து என்ற பெயரை அத்துணை உறுதியாகக் கொள்ளுதல் கூடாது. ஓரியூரில் 1693-இல் கொல்லப்பட்ட அருளானந்தருக்கு 1853-இல் அருளாளர் பட்டமும் 1947-இல் புனிதர் பட்டமும் வழங்கப்பெற்றன. மக்கள் வணக்கமோ அவற்றுக்கெல்லாம் முந்தியது.

ஏடுகளின் தொடர் அறுந்ததற்குக் காரணங்கள் பல. 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோவைக் குருமாருக்கும் உரோமை நேரடியாக அனுப்பிய குருமாருக்கும் அதிகாரப் பிணக்கு எழுந்தது. இரு தரப்பாரும் பணிபுரிந்த ஊரில் ஒரு தரப்பு ஏட்டை மட்டும் பார்த்துவிட்டு 'இல்லை' என்று முடிவு கட்டலாகாது. 1938-இல் மதுரை மறைமாவட்டம் உருவாயிற்று. 1987-இல் அதனின்று சிவகங்கை பிரிந்தது. உப்புக்காற்றும் கறையானும் ஆற்றிய பணியைத் தனியே சொல்லவேண்டுவதில்லை.

ஒரே படி மட்டும் உள்ள ஏட்டுக்கு நேரக்கூடியதைக் கியூபெக் 1640-இல் கண்டது. கோயில் தீப்பற்றியபோது 1621 முதலான பதிவுகள் அழிந்தன. குருக்கள் நினைவிலிருந்து அவற்றைத் திரும்ப எழுதினர். 1679 முதல் அங்கே இரு படிகள் வைக்கப்பட்டன. பங்கேடுகளின் படியை ஆண்டுதோறும் ஆயரகத்திற்கு அனுப்பவேண்டும் என்ற விதி திருச்சபை முழுமைக்கும் 1917-ஆம் ஆண்டுத் தொகுப்பில்தான் இடம்பெற்றது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. கோயிலின் சுவர்கள் மட்டும் மணலில் நிற்கின்றன. தப்பிய குடும்பங்கள் பிற ஊர்களுக்குப் பெயர்ந்தன. அவர்களைத் தேடுவோருக்கு 1907-ஆம் ஆண்டின் திருமண விதி ஒன்று கைகொடுக்கும். எவ்வூரில் மணம் நடந்தாலும் அச்செய்தியை முழுக்களித்த பங்கிற்கு அறிவித்து, அங்குள்ள ஏட்டின் ஓரத்தில் குறிக்கவேண்டும் என்பது அவ்விதி. இதன்பொருட்டு மணம் நடந்த ஊரின் ஏட்டிலும் முழுக்குப் பெற்ற பங்கின் பெயர் எழுதப்படும். தனுஷ்கோடியில் முழுக்குப் பெற்ற பெண்ணொருத்தி பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ மன்னாரிலோ வாழ்க்கைப்பட்டிருப்பின், அவள் பெயரையும் பெற்றோர் பெயரையும் அங்குள்ள திருமண ஏட்டில் தேடவேண்டும்.