தறியும் பாடசாலையும்

2017ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழிற்பாடங்களுள் ஆடை வடிவமைப்பும் இடம்பெற்றது. க.பொ.த. சாதாரணதரப் பரீட்சையில் தவறிய பிள்ளையும் பாடசாலையை விட்டு நீங்காது மேலும் கற்கலாம் என்பது அதன் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் எங்கள் கலகெதரப் பகுதியில் ஒரு தாய், "அப்படியானால் என் மகள் தையற்காரியாகத்தானா?" என்று கேட்பாளாயின், அதனை அறியாமை என்று ஆசிரியர்களாகிய நாம் ஒதுக்கிவிடலாகாது. அவள் கேள்விக்குப் பின்னே கண்டி நாட்டின் நீண்ட வரலாறு நிற்கின்றது.

1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்டு 1679இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயன் றொபேட் நொக்ஸ், உடுநுவரையைச் சேர்ந்த எலதத்தையில் பல ஆண்டுகள் வாழ்ந்தான். அவனும் தொப்பி பின்னி விற்று வயிறு வளர்த்தவனே. ஆகவே நூலின் அருமை அவனுக்குத் தெரியும். 1681இல் வெளிவந்த அவனது நூல் நெசவாளரைப் பற்றிக் கூறுவது கவனிக்கத்தக்கது. அவர்களே சோதிடம் பார்த்தனர், மேளம் அடித்தனர், கோயில்களில் ஆடினர். உடையாலேயே சாதி அறியப்பட்ட நாடு அது. தாழ்ந்தோர் எனப்பட்டவர் முழங்காலுக்குக் கீழே துணி தாழ உடுத்தலாகாது. நாட்டுக்குத் துணி நெய்து கொடுத்தவனுக்கும் விதி இதுவே. சேனையிலே பருத்தி விளைந்தது; பெண்கள் நூற்றனர்; தந்தையின் தறியடியில் மகன் கற்றான். அங்கே ஆசிரியனைத் தேட வேண்டியதில்லை, மாணவனைத் தேர்வதற்கும் இடமில்லை. பிறப்பே இரண்டையும் முடிவு செய்துவிட்டது.

பின்னர் ஆங்கிலேய ஆலைத்துணி வந்து தறிகளை ஓயச் செய்தது. கனிப்பொருள் ஆய்வுப் பணிக்கு வந்து 1903 முதல் 1906 வரை இந்நாட்டில் அலைந்து திரிந்த ஆனந்த குமாரசுவாமி, எஞ்சியிருந்த சில தறிகளைத் தேடிக் கண்டார். மேனாட்டு உடையை வாரி அணிந்துகொண்ட உள்ளூர்ப் பெருமக்களைச் சாடி 1905இல் கண்டியிலே ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். 1908இல் அவர் அச்சிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ 425 பிரதிகளே கண்டது. அந்நூல் இல்லையேல் கண்டி நெசவைப் பற்றி நாம் அறிவது மிகச் சொற்பமாயிருக்கும். எனினும் ஒன்று சொல்லாதிருக்க முடியவில்லை. குலத்தொழில் முறையின் அழகில் மனம் தோய்ந்த அப்பெரியார், அம்முறைக்குள் பிறந்தவனுக்கு வெளியேறும் விருப்பம் உண்டா என்று போதிய அளவு கேட்கவில்லை.

கேள்வி 1932இல் வேறு வடிவில் எழுந்தது. கல்வி மந்திரி கன்னங்கரா, கண்டிக்கு அண்மையில், அதே உடுநுவரையில், ஹந்தெஸ்ஸையிலே கிராமியக் கல்வித் திட்டத்தைத் தொடக்கினார். காந்தியடிகளின் வார்தா திட்டத்துக்கு ஐந்தாண்டு முந்திய முயற்சி அது. பயிர்ச்செய்கையும் கைத்தொழிலும் சுற்றாடலும் பாடத்தின் நடுவே வைக்கப்பட்டன. கல்வியியல் நோக்கில் குறை கூற அதிகமில்லை. ஏட்டை மட்டும் உருப்போடும் கல்வியினும் அது மேலானதே. ஆனால் உத்தியோகமும் மதிப்பும் ஆங்கிலப் பாடசாலையின் வாயிலில் நின்றன. நகரத்துச் செல்வர் மகன் ஆங்கிலம் படிக்க, கிராமத்தான் மகன் மட்டும் மண்வெட்டியும் கைவினையும் படிப்பதா? பெற்றோர் இதனை உணர்ந்தனர். 1940களில் கிராமங்களிலே மத்திய பாடசாலைகள் எழுந்ததும், 1945இல் இலவசக் கல்வி வந்ததும் மக்கள் எந்தப் பக்கம் திரும்பினர் என்பது தெரிந்ததே.

கடலுக்கு அப்பால் சென்னை இராச்சியத்தில் 1953இல் இராஜாஜி கொண்டுவந்த திட்டம் இதனினும் வெளிப்படையானது. பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பள்ளி. எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டு மக்கள் கிளர்ந்தனர். 1954இல் காமராசர் ஆட்சி அதனைக் கைவிட்டது. அங்கே எதிர்க்கப்பட்டது தறியன்று. நெசவாளன் மகன் நெசவாளனாகவே வேண்டும் என்ற விதிதான் எதிர்க்கப்பட்டது.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களை ஏழை, செல்வர் என்று பாராது வகுப்புகளில் வைத்தது. 1977இல் ஆட்சி மாறியபின் அது மறைந்தது. 1978இல் கட்டுநாயக்க வலயம் வந்தது. அன்று முதல் ‘தையல் தெரிந்த பெண்’ என்றால் ஆடைத் தொழிற்சாலையின் இயந்திர வரிசையில் அமரும் பெண் என்றே பொருளாயிற்று. 2011 மே மாதத்தில் தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்து அவ்வலயத் தொழிலாளர் கிளர்ந்தபோது பொலிசார் சுட்டனர், இளந்தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார், சட்டமூலம் கைவிடப்பட்டது. ஆடை வடிவமைப்புக் கற்கும் மாணவிக்கு இச்செய்தியும் பாடமே என்பது என் எண்ணம்.

2021 டிசம்பரில் தும்பறைப் பாய் நெசவை யுனெஸ்கோ அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ‘ஹண’ நாரை உரித்து, சாயந் தோய்த்து, விலங்குருவும் கோலமும் விழ நெய்யும் அவ்வினையைக் காத்து வந்தவர், சாதி அடுக்கின் அடியிலே தள்ளப்பட்ட கின்னர மக்கள். ஒரு கோலம் பிழையின்றி விழ எத்தனை இழையைத் தூக்க வேண்டும், எத்தனையை விட வேண்டும் என்பது சிறந்த கணிதம். அதனை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும், வைத்தியர் மகனும் தோட்டத் தொழிலாளி மகளும் ஒரே வாங்கில் இருந்து, எண்ணிக் கற்கட்டும். பாய் என்ன விலைக்குப் போகின்றது, அதில் நெய்தவர் கைக்கு வருவது எவ்வளவு என்ற கணக்கையும் அதே கொப்பியில் எழுதட்டும். அதன்பின் அந்தத் தாயின் மகள் ஆடை வடிவமைப்பைத் தெரிந்தாலும் பௌதிகத்தைத் தெரிந்தாலும், தெரிவு அவளுடையது.