பெற்றோர் கேட்ட கேள்வி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து வாஷிங்டன் மாவட்டத்தில், மார்செல்லஸ் களிப்பாறையை நீரழுத்தத்தால் பிளந்து எரிவாயு எடுக்கும் முயற்சி 2004-இல் தொடங்கியது. பின்னாளில் அப்பகுதிப் பிள்ளைகள் சிலரை 'யூவிங் சார்கோமா' எனும் அரிய எலும்புப் புற்றுநோய் தாக்கியது. எரிவாயுக் கிணறுகள்தாம் காரணமா எனப் பெற்றோர் விடாது கேட்டனர். 2019-இல் மாநில அரசு 3 மில்லியன் டாலர் ஆய்வை அறிவித்தது.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் முடிவுகளை வெளியிட்டது. பெற்றோர் அஞ்சிய நோய்க்குத் தொடர்பு காணப்படவில்லை. ஆனால், கிணற்றுக்கு ஒரு மைலுக்குள் வாழ்ந்த பிள்ளைகளுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, ஐந்து மைலுக்குள் கிணறே இல்லாதோரைவிட 5 முதல் 7 மடங்கு அதிகமாக இருந்தது. (தொடர்பு என்றுதான் ஆய்வு சொன்னது, காரணம் என்று அன்று.)

ஆசிரியர் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2004-இல் முதலாம் ஆண்டில் பயின்ற ஏழு வயதுப் பிள்ளைக்கு, அம்முடிவு வெளிவந்தபோது வயது 26.