உள்ளங்கால் மச்சம்

பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பிய ஊர் திருநின்றவூர். அங்கே இருதயாலீசுவரரைத் தொழுது திரும்பும் வழியில், ஒரு நடைபாதைக் கடையில் மச்ச சாஸ்திரம் பற்றிய மலிவுப் பதிப்பொன்றை வாங்கினோம். உள்ளங்காலில் மச்சம் உடையவர் ஊர் ஊராகச் சுற்றுவார் என்றது அது. அதிர்ஷ்டசாலியை ‘மச்சக்காரன்’ என்றழைக்கும் மொழியல்லவா நம்முடையது! அதே கரும்புள்ளியை மருத்துவம் ஐயத்தோடு பார்க்கக் கற்றுக்கொண்ட வரலாறு வேறு.

தோலின் மேற்பரப்பு ஒளியைத் திருப்பி எறிகிறது. அந்தப் பளபளப்பே நம் கண்ணுக்குத் திரை. 1893இல் ஜெர்மானிய மருத்துவர் பவுல் கெர்சன் உன்னா, தோலின்மேல் எண்ணெயிட்டுக் கண்ணாடியை அழுத்தி அத்திரையை விலக்கினார். எவ்வளவு எளிய தந்திரம்! ஆயினும் மச்சத்தையும் மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றையும் கத்தி வைக்குமுன்பே பிரித்தறிய இம்முறை உதவும் என்று ரோனா மெக்கீ ஸ்காட்லாந்திலிருந்து எழுத 1971 ஆயிற்று. 1987இல் வியன்னாவின் பெகாம்பெர்கர் குழுவினர் உருவெழுத்துகளை வகுத்தளித்தனர். முதியோர் முதுகில் மெழுகு ஒட்டியதுபோல் தோன்றும் தீங்கற்ற மருவில் வெண்முத்துப் புள்ளிகளும் அடைபட்ட குழிகளும் தெரியும். மெலனோமாவிலோ அறுந்து சிதறிய வலையும் நீலவெண் மூட்டமும். டெர்மோஸ்கோபி என்பது இந்த எழுத்துகளை வாசிக்கும் கலைதான்.

ஆனால் அந்த அரிச்சுவடி பெரும்பாலும் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டது. நம்மவரிடம் மெலனோமா அரிது. வரும்போது அது வெயில் படும் முதுகைவிட உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களையே அதிகம் நாடுகிறது. 1977இல் பாப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் கண்டறியப்பட்டதும் இவ்வகையே. பந்தாட்டத்தில் பட்ட காயம் என்றே முதலில் எண்ணப்பட்டது. 1981இல், 36 வயதில், அவர் மறைந்தார்.

உள்ளங்காலில் வாசிக்க வேண்டியது ரேகையை. ரேகை வாசிப்பு நமக்குப் புதிதன்று. 1897இலேயே கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் கண்ட நாடு இது. அங்கே தேடியது குற்றவாளியை. ரேகையின் மேட்டிலா பள்ளத்திலா கருமை ஓடுகிறது என்று ஜப்பானில் தொஷியாக்கி சைடா பார்த்தது அதற்கு ஏறக்குறைய நூறாண்டு பின்னர். சாதாரண மச்சம் பெரும்பாலும் பள்ளத்தில் கோடிடும். மெலனோமா மேட்டில் படரும். 2004இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், மேட்டுக்கோடு இவ்வகை மெலனோமாக்களில் 86 விழுக்காட்டில் தென்பட்டது. தீங்கற்றவற்றில் அது தென்படாதது 99 விழுக்காடு. மேட்டுக்கோடு இல்லையென்பதால் மட்டும் நிம்மதி கொள்ள முடியாது என்பதையும் அந்த 86 சொல்லிவிடுகிறது.

திருநின்றவூரில் நம் நண்பரின் தாயார், குதிகாலில் இருந்த கரும்புள்ளியை ஆணி என்று பல ஆண்டுகள் பிளேடால் சீவிவந்தார். வெறுங்காலோடு வயலில் நின்றவர். காலைக் குனிந்து பார்க்க அவருக்கு நேரம் ஏது? நண்பர் வற்புறுத்தி மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். கண்ணாடிக்கடியில் கருமை பள்ளங்களிலேயே சீராக ஓடியது. படமெடுத்து வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து ஒப்பிட வரச்சொன்னார்கள். பிளேடைத் தொடக்கூடாது என்றும் கண்டிப்பு. வாசலுக்கு வந்ததும் அம்மையார் மகனிடம் கேட்டது ஒன்றுதான்: “மச்சந்தான்னு சொல்லிட்டாங்களே, அப்ப எனக்குக் காசிக்குப் போற யோகம் இருக்கா?”